கதவைத் திறந்த கை

அண்ணர் செத்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சிட்ட கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்தில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. தியாகராஜா அதை நாலு தரம் வாசித்துத் திருத்தியிருந்தார். முன்பக்கத்தில் பாலேந்திரா அண்ணையின் படம், பிறகு தேவாரம், பிறகு வாழ்க்கைக் குறிப்பு, கடைசி இரண்டு பக்கங்களில் வம்சாவளி. கொப்பாட்டனில் தொடங்கி லண்டன் டூட்டிங்கிலும் டொரொண்டோவிலும் பிறந்த பிள்ளைகள் வரைக்கும் ஒருவர் விடாமல் பெயர் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் உத்தியோகம். வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர். செத்த வீட்டுச் சாப்பாட்டுக்கு வருகிற சனம் தேவாரத்தைப் படிக்கிறதோ இல்லையோ, அந்த அடைப்புக்குறிகளைக் கட்டாயம் படிக்கும். தியாகராஜாவும் மற்ற வீட்டுக் கல்வெட்டுகளை அப்படித்தான் படித்து வந்தவர்.

ஒரேயொரு பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. சயந்தினி. தியாகராஜாவின் ஒரே மகள்.

கமெராவால் எடுக்க முடியாத காட்சிகளைச் சினிமாப் படங்களுக்காகக் கணினியில் செய்து கொடுப்பது அவளுடைய வேலை. எரிகிற கப்பல், இடிகிற நகரம், இல்லாத கிரகம். அதை ஒரு சொல்லில் மரியாதையாக எப்படி எழுதுவது என்று அவர் இரண்டு நாள் யோசித்தார். கடைசியில் பெயரை மட்டும் எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டார். புத்தகம் வந்த அன்று சயந்தினி அந்தப் பக்கத்தை விரித்துப் பார்த்தாள், மூடினாள், பெட்டியிலிருந்த மற்றப் புத்தகங்களோடு அடுக்கினாள். 

முப்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பர் டூட்டிங் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மண்டபம் எடுத்திருந்தார்கள். கிரியை முடிந்ததும் ஐயரைக் காரில் கொண்டுபோய் வெஸ்ட் ஈலிங்கில் இறக்கிவிடச் சயந்தினி புறப்பட்டாள். ஆண்கள் பக்கத்து நீள மேசையில் வாழையிலை விழுந்தது. தியாகராஜாவுக்கு எதிரே உட்கார்ந்தவர் குகதாசன், அவருடைய தங்கை தவமலரின் கணவர். இரண்டு மகள்மாரை டொக்டராக்கிய மனிதர். அதைத் தவிர வேறொன்றும் தான் செய்ததாக அவர் சொல்லிக்கொள்வதும் இல்லை.

"மச்சான், கடைசிப் பக்கத்திலை அச்சுக்காரன் ஒண்டை விட்டிட்டான் போலை கிடக்கு."

"அச்சுக்காரன் ஒண்டும் விடேல்லை."

"அப்ப நீர்தான் விட்டனீர். அதுவும் சரிதான். கார்ட்டூன் கீறுறா எண்டு கல்வெட்டிலை எப்பிடிப் போடுறது?"

மேசையில் இரண்டு பேர் இலையைப் பார்த்தபடி சிரித்தார்கள். தியாகராஜா முதுகை நிமிர்த்திக்கொண்டு பருப்பைப் பிசைந்தார்.

"அப்பா, அது கார்ட்டூன் இல்லை" என்றான் குகதாசனின் மகன் பிரவீணன். முப்பத்து நாலு வயது. கணக்காளன். ஆனால் அவன் மனம் முழுக்க விண்வெளிப் படங்களில்தான். "மச்சாள் செய்யிறது பெரிய வேலை. மாமா, அவா 'ஆர்க்டன்' படத்திலை வேலை செய்யிறா எண்டு கேள்விப்பட்டன். உண்மையோ?"

"அதென்ன ஆர்க்டன்?" என்று கேட்டார் பக்கத்திலிருந்த ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார்.

கேட்டதுதான் தாமதம், பிரவீணன் தொடங்கிவிட்டான். ஆர்க்டன் என்பது ஒரு விண்கப்பல். இதுவரைக்கும் மூன்று படம் வந்துவிட்டது. மூன்றிலும் எல்லாரும் ஒரு பழைய அழிவைப் பற்றியே பேசுவார்கள். கப்பலின் கீழ்த்தட்டுக் கதவை ஒரு நாள் யாரோ திறந்துவிட, மூவாயிரம் சனம் வெற்றுவெளிக்குள் இழுபட்டுச் செத்தார்கள். அதைத் தடுக்கப் போன கப்டனும் செத்தான். கப்டனுடைய மகள்தான் மூன்று படத்துக்கும் நாயகி. தகப்பனின் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் அவள் சண்டை பிடிப்பாள். அடுத்த மார்கழியில் வரப்போகிற படம் அதற்கு முந்திய கதை, அந்த அழிவு நாளின் கதை.

"கதவை ஆர் திறந்தது எண்டுறதுதான் கேள்வி. ரெண்டு வரியமா உலகம் முழுக்க இதையே கதைக்கினம். ஆளுக்கொரு கதை."

"திறப்பு ஆரிட்டை இருந்தது?" வாத்தியார் சாவியை விசாரித்தார்.

"மூண்டு பேரிட்டை. கப்டன், இஞ்சினியர், கப்பல் வைத்தியர்."

"வைத்தியர் கப்டனுக்கு என்ன முறை?"

"மனிசியின்ர தமையன்."

"பிறகென்ன யோசினை? அவன்தான். மச்சான்மார்தான் உந்த வேலையள் பாக்கிறது!"

மேசையே குலுங்கிச் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகக் குகதாசன் சிரித்தார். அதற்குப் பிறகு கிழவர்கள் விடவில்லை. இஞ்சினியரின் முதல் கலியாணம் ஏன் குழம்பியது, கப்டனின் தாய் எந்தக் கிரகத்து ஆள், வைத்தியருக்குப் பிள்ளைகள் உண்டா என்று காணி வழக்கு விசாரிப்பதுபோல விசாரித்தார்கள். பிரவீணனுக்கு முகமெல்லாம் பல். இரண்டு வருடமாக இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு வாதாடியவனுக்கு இப்படி ஒரு சபை இதற்கு முன் கிடைத்ததில்லை.

"மாமாவுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றான் அவன். "மச்சாள் வீட்டிலை ஏதும் சொல்லியிருப்பா."

"உவருக்கோ?" குகதாசன் மோரை எடுத்துக் குடித்தார். "மகள் என்ன செய்யிறா எண்டே உவருக்குத் தெரியாது. தெரிஞ்சால் புத்தகத்திலை போட்டிருப்பாரே."

தியாகராஜாவின் காது மடல் சுட்டது. பொய் என்றால் அவர் தாங்கியிருப்பார். அண்மைவரைக்கும் அது பொய்யில்லை.

ஆனால் இப்போது தெரியும். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பின்னேரம், வாழ்க்கையில் முதல் தடவையாக, "நாள் முழுக்க அப்பிடி என்னதான் பிள்ளை செய்யிறாய்?" என்று அவளிடம் கேட்டிருந்தார். கேட்டதே அவளுக்குப் போதுமாக இருந்தது. முகம் மலர்ந்துபோய்த் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டுச் சொன்னாள். ஏழு மாதமாக அவள் செய்வது ஒரு கை. வயதான கை. அது ஒரு பிடியைப் பற்றித் திருப்பும், அவ்வளவுதான். அது கதையில் யாருடைய கை, ஏன் திருப்புகிறது என்பதையும் சொன்னாள். நரம்பு, சுருக்கம், நகத்தடி, நடுக்கம் எல்லாவற்றையும் அவள்தான் செய்தாள். போன வருடம் ஒரு நாள் அவருடைய கையை மேசையில் வைக்கச் சொல்லிப் படம் எடுத்தாளே, அந்தக் கையைப் பார்த்துத்தான் செய்தாள். "அப்பா, இது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. நான் கையெழுத்து வச்சுக் குடுத்திருக்கிறன். வெளியிலை போனால் என்ர வேலை போயிடும்."

"என்ர வாயிலையிருந்து போகாது" என்றார் அவர். சத்தியம் கேட்டிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும். அவள் கேட்கவில்லை.

இப்போது அவர் வலக்கையை இலைக்கு மேலே தூக்கினார். விரல்களில் சோறு ஒட்டியிருந்தது.

"கப்டன்தான் திறந்தவன்" என்றார். "மேல்தட்டிலை தன்ர மகள். கீழ்த்தட்டிலை மூவாயிரம் சனம். மகளைக் காப்பாத்த அவன்தான் திறந்தவன். படத்திலை பாப்பியள். அந்தக் கதவைத் திறக்கிற கை இந்தக் கைதான். என்ர பிள்ளை என்ர கையைப் பாத்துத்தான் செய்தவள்."

ஒருவரும் சிரிக்கவில்லை. வாத்தியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தக் கையைப் பார்த்தார். குகதாசன்கூடப் பார்த்தார். பிரவீணன் வாயில் வைத்த கவளத்தை விழுங்க மறந்திருந்தான். அண்ணர் செத்த பிறகு தியாகராஜா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

அந்த நிறைவு புதன்கிழமை வரைக்கும் இருந்தது.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குச் சயந்தினி வீட்டுக்கு வந்தாள். வேலை நாளில் அவள் அந்த நேரத்துக்கு வந்ததே இல்லை. கோட்டைக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தாள்.

"அப்பா, ஒண்டு கேக்கிறன், கோவிக்கக்கூடாது. கையின்ர கதையை ஆரிட்டையும் சொன்னனீங்களோ?"

ரசிகர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் யாரோ பெயரில்லாமல் எழுதியிருக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். கப்டன்தான் கதவைத் திறந்தான் என்று முன்பும் ஆயிரம் பேர் ஊகித்து எழுதியிருக்கிறார்கள், அதை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இவன், கப்டனின் கை லண்டனில் இருக்கிற ஒரு தகப்பனின் கையைப் பார்த்துச் செய்யப்பட்டது என்றும் எழுதியிருக்கிறான். ஊகிக்கிறவனுக்கு அப்படி ஒரு விபரம் வராது. இரண்டு நாளில் லட்சக்கணக்கான பேர் அதைப் படித்துவிட்டார்கள். இன்று காலை கம்பனியில் அவளைக் கூப்பிட்டு ஒரு மணித்தியாலம் விசாரித்தார்கள். வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்கு வந்து பதில் சொல்லச் சொன்னார்கள்.

"ஓம், சொன்னனான்" என்பது இரண்டே சொல். அவர் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"இல்லை" என்று வந்தது. வந்தது போதாதென்று கோபமும் சேர்ந்து வந்தது. "என்னை என்ன, சந்தையிலை நிண்டு கதைக்கிறவன் எண்டு நினைச்சியோ?"

"சொறி அப்பா" என்றாள் அவள். "கேட்டிருக்கக் கூடாது."

அவள் எழும்பிப் போன பிறகும் தியாகராஜா அங்கேயே நின்றார். எழுபத்தொரு வயது. ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் இருந்தபோது வேலியை ஒரு முழம் தள்ளிப்போடச் சொல்லிக் காசோடு வந்தவர்களைப் படலைக்கு வெளியே நிற்பாட்டித் திருப்பி அனுப்பியவர். பொய் சொன்னார் என்று ஒருவரும் அவரைச் சொன்னதில்லை. இன்று பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்லி, அந்தப் பிள்ளையிடமே மன்னிப்பும் வாங்கிக்கொண்டார். அன்று முழுவதும் அவள் முகத்தைப் பார்க்காமலிருக்கப் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போன கையோடு ஃபாரஸ்ட் கேட்டில் குகதாசனின் வீட்டுக்குப் புறப்பட்டார். தாயும் தகப்பனும் பிரவீணனும் ஒரே வீட்டில்தான். பிரவீணன் வீட்டிலிருந்தபடி வேலை செய்துகொண்டிருந்தான். மாமாவைக் கண்டதும் அவன் முகம் போன போக்கே பதில் சொல்லிவிட்டது.

"நீதானே?"

"மாமா, நான் பேர் போடேல்லை. மச்சாளின்ர பேரும் இல்லை, உங்கட பேரும் இல்லை. நீங்கள் அண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை சொன்னீங்கள், அதுதான் நான் ரகசியம் எண்டு நினைக்கேல்லை."

தியாகராஜா மேசையில் கிடந்த போனைச் சுட்டிக் காட்டினார்.

"அழி அதை."

"நேற்றே அழிச்சிட்டன். ஆனா பிரியோசனமில்லை மாமா. எல்லாரும் படம் எடுத்து வச்சிருக்கினம்." அவன் போனை நீட்டினான். முன்பின் தெரியாத ஆட்கள் அவருடைய கையைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். மகளே தகப்பனைக் காட்டிக்கொடுத்தாளா என்று ஒருத்தி கேட்டிருந்தாள். சொன்னவன் ஒரு கிழட்டுப் புளுகனாக இருப்பான் என்று இன்னொருவன் எழுதியிருந்தான். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. சயந்தினி.

"அப்பா, பயப்பிடாதேங்கோ. நான் கதைச்சிட்டன். என்ர அப்பா சொல்லேல்லை எண்டால் சொல்லேல்லைதான், அவர் பொய் சொல்லுற ஆளில்லை எண்டு சொன்னன். நம்பீட்டினம்." அவள் குரலில் சந்தோசம் இல்லை. "ஆனா வான்மதியை வீட்டை அனுப்பிப் போட்டினம்."

"ஆரது?"

"எனக்குப் பக்கத்திலை இருக்கிற பிள்ளை. மலேசியாத் தமிழ். கம்பனியிலை அந்தக் கை உங்கட கை எண்டு தெரிஞ்ச ஆக்கள் நானும் அவளும்தான். அழுதழுது சத்தியம் பண்ணுறாள் அப்பா. ஆனா நானும் இல்லை, நீங்களும் இல்லையெண்டால் வேற ஆர்? கோவத்திலை நானும் அவளைப் பேசிப்போட்டன். சரி, வைக்கிறன்."

போன் சத்தமாகப் பேசுகிற போன். கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. முதலில் வாயைத் திறந்தவர் குகதாசன்.

"பிறகென்ன மச்சான்? உம்மட பிள்ளை தப்பீட்டுது. பேசாமல் இரும். ரெண்டு கிழமையிலை சனம் வேறை கதைக்குப் போயிடும். எங்கட குடும்பத்துப் பேர் வெளியிலை வராமல் முடிஞ்சுது." அவர் அதை நக்கலாகச் சொல்லவில்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் தியாகராஜாவுக்குக் கூசியது. அந்த வார்த்தைகளை அவர் தன் வாயால் எத்தனை வீட்டில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்!

தவமலர் தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தாள். "அந்தப் பிள்ளைக்குத் தாய் தேப்பன் இல்லையோ அண்ணை?" என்றாள். 

அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. எழுந்து கோட்டைப் போட்டார்.

"எங்கை போறீர்?"

"பிள்ளையின்ர வேலைக்கு."

"விசரே உமக்கு? அவளின்ர வேலையை நீரே தின்னப் போறீர்!"

ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து எலிசபெத் லைன் ரயிலில், மகளின் கம்பனி இருக்கிற டொட்டென்ஹாம் கோர்ட் ரோட்டுக்கு அதிக நேரம் இல்லை. அந்த வழி முழுக்கக் குகதாசன் சொன்னது அவர் காதில் நின்றது. மனிதன் சொன்னது சரி. உண்மையைச் சொன்னால் சயந்தினியின் வேலை போகும். சொல்லாவிட்டால் போகாது. பேசாமல் டூட்டிங்கில் தன் வீட்டுக்குப் போய் இறங்கினால் ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறந்தபோது இறங்கிவிடலாம் என்று தோன்றியது. இறங்காததற்குத் தைரியம் காரணமில்லை. யாரோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை செய்யாத பிழைக்கு அழுதுகொண்டிருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு இன்று பின்னேரம் தன் மகள் வைக்கிற சோற்றைத் தின்ன முடியாது என்பதுதான் காரணம்.

கம்பனி வாசலில் இருந்த பெண் அவரை உட்காரச் சொன்னாள். அவர் நின்றார். லிஃப்டிலிருந்து சயந்தினி ஓடி வந்தாள். பெரியப்பாவைப்போல இவருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

"என்னப்பா? என்ன நடந்தது?"

"பிள்ளை, நான்தான் சொன்னனான். முப்பத்தொண்டுச் சாப்பாட்டிலை. எல்லாருக்கும் முன்னாலை கையைத் தூக்கிக் காட்டிச் சொன்னனான். பிரவீணன் எழுதிப்போட்டான். நேற்று நான் உனக்குச் சொன்னது பொய்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவள் முன்பின் கண்டிராத ஒருவரைப் பார்ப்பதுபோல அவரை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"நான் வான்மதியைக் கள்ளி எண்டு சொன்னனான் அப்பா" என்றாள். லிஃப்ட் பக்கம் திரும்பி, "வாங்கோ மேலை. எனக்குச் சொன்னால் காணாது."

மேலே கண்ணாடி அறைக்குள் அவளுடைய மேலதிகாரி, நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டிய வெள்ளைக்காரப் பெண், அவருக்கு எதிரே இருந்தாள். தியாகராஜா பழைய இங்கிலீஷில், ஒரு சொல்லையும் மெழுகாமல், ஒழுங்காகச் சொல்லி முடித்தார். அவள் ஒரேயொரு கேள்வி கேட்டாள். நீங்கள் வெளியில் சொல்வீர்கள் என்று உங்கள் மகளுக்குத் தெரியுமா?

"இல்லை. ஒருவருக்கும் தெரியக்கூடாது என்றுதான் சொன்னாள். நான் வாக்குக் கொடுத்தேன். நான்தான் மீறினேன்."

அவள் எழுதிக்கொண்டாள். அப்பாவுக்கே ஆனாலும் சொல்லியிருக்கக் கூடாது என்று சயந்தினியைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். இன்றிலிருந்து அந்தப் படத்தில் அவளுக்கு வேலை இல்லை. கம்பனியில் வேலை இருக்கிறதா இல்லையா என்பது திங்கட்கிழமை தெரியும். வான்மதியை அவர்களே கூப்பிட்டுப் பேசுவார்கள்.

தெருவுக்கு வந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த சனம் அவர்களை இடித்துக்கொண்டு போனது. சயந்தினி தன் சாமான்களை ஒரு கடதாசிப் பையில் வைத்திருந்தாள். அவர் அதை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு போனை எடுத்தாள்.

"கம்பனியாலை எடுக்க முதல் நாங்கள் எடுக்கவேணும்." எண்ணை அழுத்தி, மறுபக்கம் எடுத்ததும், "வான்மதி, என்ர அப்பா உன்னோடை கதைக்கவேணுமாம்" என்று சொல்லி அவரிடம் கொடுத்தாள்.

அவர் சொன்னார். அன்றைக்கு மூன்றாவது தடவை. மூன்றாவது தடவையும் சுலபமாக இருக்கவில்லை.

 பிறகு மூக்கடைத்த குரல் கேட்டது. "அங்கிள், இதையே எங்கப்பாகிட்டயும் சொல்றீங்களா? காலையிலிருந்து அவர் எங்கிட்ட பேசல. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு."

போன் கை மாறியது. "ஹலோ, இளங்கோவன் பேசறேன். யாருங்க?" தடித்த குரல். ஆட்களுக்கு உத்தரவு சொல்லிப் பழகிய குரல்.

தியாகராஜா பெயரைச் சொன்னார். நடந்ததைச் சொன்னார். உங்கள் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை என்றார்.

"சார்" என்றது அந்தக் குரல், இப்போது தடிப்பில்லாமல். "எம் பொண்ணு என் தலைமேல கை வச்சு சத்தியம் பண்ணுச்சு. குடும்ப மானத்தை வாங்கிட்டியேன்னு நான் திட்டிட்டேன். காலையிலிருந்து அது சாப்பிடல." குரலைத் தாழ்த்தி, "தப்பா நினைக்காதீங்க, ஒண்ணு கேட்கலாமா? அந்த விஷயத்தை நீங்க ஏன் சார் வெளியில சொன்னீங்க?"

சயந்தினி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் இன்னும் அதைக் கேட்கவில்லை. அண்ணரின் சாப்பாடு, குகதாசனின் வாய், சபையின் சிரிப்பு என்று சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. ஒன்றும் நாக்கில் நிற்கவில்லை.

"பெருமைக்கு" என்றார்.

 அந்த மனிதர் போனை வைக்கவில்லை. எங்கேயோ ஒரு கதிரை நகர்ந்தது. "வான்மதி, வாம்மா, வந்து உட்காரு" என்று தூரத்தில் கேட்டது. பிறகு சாப்பாட்டுக் கோப்பையில் ஏதோ போடுகிற சத்தம்.

"முடிஞ்சுதோ?" சயந்தினி போனுக்குக் கை நீட்டினாள்.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். அந்தத் தகப்பன் திரும்பி வந்து என்ன சொன்னாலும் கேட்க வேண்டும். சனத்துக்கு வழி விட்டுச் சுவரோரம் ஒதுங்கி, போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார்.